ஊரே போட்ட ஜாமீன் கையெழுத்து!

பக்கத்து சீட்காரர் நாற்காலியோடு நகர்ந்து வருகிறார். குரலைத் தாழ்த்துகிறார். "ஸார்... சொஸைட்டி லோன் போடறேன்... ஷ்யூரிட்டிக்கு ஒரு கையெழுத்து வேணும். சும்மா ஃபார்மாலிட்டிதான்..." என்று குழைகிறார். அந்த விநாடியில் உங்கள் பேனாவில் இங்க் தீர்ந்துபோகிறதா, இல்லையா? மானேஜர் கூப்பிட்ட மாதிரி காதில் விழுகிறதா, இல்லையா?

விழத்தான் செய்யும். அவர் கட்டாமல் விட்டால் பிடித்தம் நம் சம்பளத்தில் அல்லவா? அதனால்தான், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நாலு கேள்வி கேட்கிறோம். எவ்வளவு லோன்? எதுக்கு... தங்கச்சி கல்யாணமா, புது பைக்கா? மாசம் எவ்வளவு கட்டுவீங்க? ஏற்கெனவே எவ்வளவு பாக்கி நிக்குது?

இதே நாலு கேள்வியை ஒரு ஊரே சேர்ந்து நின்று தன் முனிசிபாலிடியைக் கேட்டால் எப்படி இருக்கும்? அமெரிக்காவில் கேட்கிறார்கள். ஓட்டுச் சீட்டில்!

விஷயம் இதுதான். ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்ட வேண்டும். அல்லது லைப்ரரி, தீயணைப்பு நிலையம், பார்க், பாலம்... ஏதோ ஒன்று. கஜானாவில் அவ்வளவு ரொக்கம் கிடையாது. ஆகவே ஊர் நிர்வாகம் கடன் பத்திரம் வெளியிடுகிறது. அதற்குப் பெயர் பாண்ட். (ஜேம்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவரிடம் இருப்பது சுடுவதற்கு லைசென்ஸ். இது வரி போடுவதற்கு லைசென்ஸ்!) பாங்க்குகளும் காசுள்ளவர்களும் பத்திரத்தை வாங்கிக்கொண்டு பணம் தருவார்கள். ஊர் அதை இருபது, முப்பது வருஷத்தில் வட்டியோடு திருப்ப வேண்டும். எதிலிருந்து? பெரும்பாலும் வீட்டு வரியிலிருந்து. அதாவது, கடன் வாங்குவது நகரசபை. ஜாமீன் நிற்பது நீங்களும் நானும்.

ஜாமீன்தாரரைக் கேட்காமல் ஜாமீன் எழுதலாமா? கூடாது என்று அங்கே பல மாநிலங்களில் சட்டமே இருக்கிறது. முதலில் ஓட்டெடுப்பு. ஜெயித்தால்தான் பத்திரம். அதுவும் சும்மா ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தால் போதாது. கலிஃபோர்னியாவில் 1879-ம் வருஷத்து அரசியல் சட்டத்திலிருந்தே, மூன்றில் இரண்டு பங்கு பேர் 'சரி' சொல்ல வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் நூற்றுக்கு அறுபது. அங்கே இன்னொரு பூட்டும் உண்டு: முந்தைய பொதுத் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்களில் 40 சதவிகிதம் பேராவது இதற்கும் வந்து ஓட்டுப் போட்டிருக்க வேண்டும். 'ஜனங்கள் தூங்கும்போது நைஸாக நிறைவேற்றிவிடலாம்' என்ற திட்டத்துக்கு வைத்த ஆப்பு!

பி.காம். படித்த பாவத்துக்கு நான் ஒன்று சொல்லியாக வேண்டும். 'கடன் எதற்கு? வரிப் பணத்தைச் சேர்த்து வைத்துக் கட்டினால் வட்டி மிச்சமாச்சே' என்று கேட்கலாம். ஐம்பது வருஷம் நிற்கப் போகிற பள்ளிக்கூடத்துக்கு இந்த வருஷம் வரி கட்டுகிறவனே மொத்தத்தையும் அழ வேண்டும் என்பது என்ன நியாயம்? நாளைக்கு அங்கே படிக்கப் போகிறவனின் அப்பாவும் பங்கு போடட்டுமே. அதற்குத்தான் நீண்டகாலக் கடன். கட்டடம் இடிந்து விழுந்த பிறகும் தவணை ஓடிக்கொண்டிருந்தால் அது மோசடி. கட்டடத்தின் ஆயுளுக்குள் கடனின் ஆயுள் முடிந்தால், நல்ல கணக்கு.

நம் நாட்டிலும் மாநகராட்சிகள் பத்திரம் வெளியிட்டிருக்கின்றன. 1998-ல் ஆமதாபாத் 100 கோடி ரூபாய்க்கு. 2001-ல் மதுரை, உள்வட்டச் சாலைக்காக 30 கோடிக்கு. 2025-ல் சென்னை, 200 கோடிக்கு. ஆனால் 'ஸார், உங்க வார்டு ஜனங்க கையெழுத்து வேணும்' என்று யாரும் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. இங்கே மாமன்றம் தீர்மானம் போடும், மாநில அரசு சம்மதிக்கும், தர மதிப்பீட்டுக் கம்பெனி மார்க் போடும். அவ்வளவுதான். ஜாமீன்தாரருக்குப் பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்ளும் உரிமை மட்டும் உண்டு!

சரி, ஓட்டெடுப்பு என்று வந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும்? ஊரெல்லாம் போஸ்டர், ஆட்டோவில் மைக், குத்துவிளக்கு... என்று நம் மூளை உடனே ஓடும். அங்கே நகரசபை அப்படியெல்லாம் ஓட முடியாது. கலிஃபோர்னியாவில் 1974-ல் பார்க்குகளுக்கான ஒரு பாண்ட் ஓட்டெடுப்பு. மாநிலப் பூங்காத் துறை அரசுப் பணத்தைச் செலவழித்து 'ஆதரிப்பீர்!' என்று பிரசாரம் செய்துவிட்டது. வரி கட்டுகிற ஒருவர் வழக்குப் போட்டார். 1976-ல் மாநில சுப்ரீம் கோர்ட் வெளுத்து வாங்கியது. தெளிவான அனுமதி இல்லாமல், பொதுப் பணத்தில் ஒரு பக்கத்துக்குப் பிரசாரம் செய்யக் கூடாது. தகவல் சொல்லலாம், ஓட்டுக் கேட்கக் கூடாது. ஓட்டுக் கேட்க வேண்டுமானால் ஊர்க்காரர்கள் கமிட்டி போட்டு, சொந்தக் காசு திரட்டிக் கேட்கட்டும்.

ஓட்டுச் சீட்டில் கேள்வி 75 வார்த்தைக்குள் அடங்க வேண்டும் என்றும் அங்கே விதி. (நம் ஆபீஸில் ஸ்டேப்ளர் பின் கேட்டு எழுதும் மெமோவுக்கே அது பத்தாது.) கூடவே ஓட்டர்களுக்கு ஒரு கையேடு வரும். அதில் ஆதரிப்பவர் வாதம், எதிர்ப்பவர் வாதம் இரண்டும் இருக்கும். இத்தனை டாலர் மதிப்புள்ள சொத்துக்கு இவ்வளவு வரி ஏறும் என்ற கணக்கும் இருக்கும். 'மாசம் எவ்வளவு கட்டுவீங்க?' என்ற கேள்விக்குப் பதில் ரெடி.

ஆக, மைக் பிடிக்க முடியாது. அரசுப் பணத்தில் போஸ்டர் ஒட்ட முடியாது. ஜெயிக்க ஒரே வழி, கேட்கும்போதே ஒழுங்காகக் கேட்பது. இதற்கு சியாட்டில் நகரத்து லைப்ரரிக் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

சியாட்டில் லைப்ரரிக்கு ஆரம்பத்திலிருந்தே ஜாதகம் கொஞ்சம் கோளாறு. 1901 ஜனவரி 2-ம் தேதி, லைப்ரரி இருந்த பழைய மாளிகை தீப்பிடித்து எரிந்தது. நாலே நாளில், உருக்கு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி புதுக் கட்டடத்துக்கு 2 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார். சும்மா தந்துவிடவில்லை. பராமரிப்புக்கு வருஷா வருஷம் 50,000 டாலர் ஊர் ஒதுக்க வேண்டும் என்று கண்டிஷன் போட்டார். மொய் எழுதுகிறவரே பந்தியில் என்ன பரிமாற வேண்டும் என்று சொன்ன கதை! 1906-ல் கட்டடம் திறந்தது.

கார்னகி போன பிறகு யார் தருவார்கள்? ஜனங்களைத்தான் கேட்க வேண்டும். 1994-ல் கேட்டார்கள். பதினைந்தரைக் கோடி டாலருக்குப் பத்திரம். ஓட்டு அறுபது சதவிகிதத்தைத் தொடவில்லை. திட்டம் பணால்.

நம் ஆட்களாக இருந்தால் என்ன செய்திருப்போம்? 'ஜனங்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை' என்று அறிக்கை விட்டிருப்போம். அல்லது தொகையைப் பாதியாக வெட்டி மறுபடி கேட்டிருப்போம். சியாட்டிலில் 1997-ல் டெபோரா ஜேகப்ஸ் என்ற அம்மாள் தலைமை நூலகராக வந்தார். வந்தவர் பேட்டை பேட்டையாகக் கூட்டம் போட்டார். 'உங்க ஏரியா லைப்ரரியில் என்ன குறை? என்ன வேணும்?' என்று கேட்டு எழுதிக்கொண்டார். 1998-ல் திட்டம் தயார். பெயர் 'எல்லோருக்கும் நூலகம்'. நடு ஊரில் புது மத்திய நூலகம். ஊர் முழுக்க உள்ள கிளைகளுக்கு, ஒன்றுக்கு விரிவாக்கம், இன்னொன்றுக்குப் பழுதுபார்ப்பு, வேறொன்றுக்கு அடியோடு புதுக் கட்டடம். லைப்ரரியே இல்லாத பேட்டைகளுக்குப் புதுக் கிளை.

கேட்ட தொகை? 19 கோடியே 64 லட்சம் டாலர்! தோற்ற தொகையைவிட நாலு கோடிக்கு மேல் அதிகம். அமெரிக்காவிலேயே அதுவரை எந்த நூலகத்துக்கும் கேட்கப்படாத தொகை. 69 சதவிகிதம் பேர் 'சரி' என்று போட்டார்கள்.

அதே ஊர். அதே ஜனங்கள். இடையில் நாலே வருஷம். பணம் குறையவில்லை, கூடியது. வேறென்ன மாறியது? என் கணிப்பைச் சொல்கிறேன். மூலைக் கடையில் காப்பி குடிக்கிற ஆசாமிக்கு, மத்திய நூலகம் ஒரு கட்டடம். தன் தெருமுனை லைப்ரரியில் ஒழுகுகிற கூரையோ, சொந்தப் பிரச்னை. பட்டியலில் தன் தெரு இருந்தால் கை தானாகக் கையெழுத்துப் போடும். 'தங்கச்சி கல்யாணத்துக்கு' என்று பெயர் சொல்லிக் கேட்பதற்கும், 'சில குடும்பச் செலவுகளுக்கு' என்று மழுப்புவதற்கும் வித்தியாசம் இல்லையா?

சொன்னபடி செய்தார்களா என்றுதானே அடுத்த கேள்வி? 2004-ல் மத்திய நூலகம் திறந்தது. ரெம் கூல்ஹாஸ் வடிவமைத்த அந்தக் கண்ணாடிக் கட்டடத்தைப் பார்க்கவே ஜனங்கள் வருகிறார்கள். 2008-க்குள் இருந்த 22 கிளைகளும் சீர்பட்டு, புதிதாக 4 கிளைகளும் வந்துவிட்டன. பட்டியல் போட்டதால் வந்த வசதி இதுதான். பக்கத்தில் டிக் அடித்துக்கொண்டே வரலாம்!

கலிஃபோர்னியாவும் இந்தப் பட்டியல் வித்தையைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. 2000-ம் வருஷம், பள்ளிக்கூடப் பத்திரங்களுக்கு மூன்றில் இரண்டு வேண்டாம், 55 சதவிகிதம் போதும் என்று தளர்த்தினார்கள். பதிலுக்கு இன்னின்ன வேலை என்று முன்கூட்டியே பட்டியல் தர வேண்டும். வருஷா வருஷம் ஆடிட். செலவைக் கண்காணிக்க ஊர்க்காரர்கள் கமிட்டி.

இதெல்லாம் புஸ்தகம், பள்ளிக்கூடம். நின்றுபோனாலும் நஷ்டம் கொஞ்சம். இப்போது சொல்லப்போவது வேறு ரகம். கரணம் தப்பினால் வீடே போகிற ஜாமீன்.

தமிழ் சினிமா டூயட்டிலிருந்து ஹாலிவுட் வரை, காலண்டரிலும் சாக்லேட் டப்பாவிலும் பார்த்த அந்தச் செவ்வண்ணப் பாலம் ஞாபகம் இருக்கிறதா? சான் ஃபிரான்ஸிஸ்கோவின் கோல்டன் கேட். அது அரசாங்கம் கட்டிக்கொடுத்ததில்லை. ஜனங்கள் ஓட்டுப் போட்டு, தங்கள் சொத்தை ஜாமீன் வைத்துக் கட்டியது.

சான் ஃபிரான்ஸிஸ்கோவுக்கும் வடக்கே உள்ள மேரின் கவுண்ட்டிக்கும் (கவுண்ட்டி என்றால் நம்மூர் ஜில்லா மாதிரி) நடுவில் ஒரு மைல் அகலத்துக்கு ஜலசந்தி. கார்களை ஃபெர்ரியில் ஏற்றித்தான் அக்கரை போக வேண்டும். பாலம் கட்டலாமே என்றால் நிபுணர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். கொந்தளிக்கிற நீரோட்டம், மூடுபனி, காற்று. செலவு 10 கோடி டாலர் ஆகும் என்று ஒரு பேச்சு. ஜோஸப் ஸ்ட்ராஸ் என்ற பாலம் கட்டும் மனிதர் மட்டும் அதில் ஒரு சின்னப் பங்குக்கு முடித்துத் தருகிறேன் என்றார். 1921-ல் அவர் நீட்டிய முதல் திட்டத்தின் மதிப்பீடு 1.7 கோடி. டிசைன் பார்க்கச் சகிக்காது என்பது வேறு விஷயம். பிற்பாடு அதை அடியோடு மாற்றிவிட்டார்கள்.

1923-ல் சட்டம் வந்தது. கவுண்ட்டிகள் ஒன்றுசேர்ந்து பாலத்துக்கென்றே தனி மாவட்டம் அமைக்கலாம். அது கடன் பத்திரம் வெளியிடலாம். உடனே ஆரம்பித்துவிட்டார்களா? அதுதான் இல்லை! வடக்கே நிலம் வைத்திருந்தவர்கள் 'வரி போடுவீங்களா?' என்று கோர்ட்டுக்குப் போனார்கள். ராணுவ இலாகாவுக்குக் கப்பல் போக்குவரத்து பற்றிக் கவலை. ஃபெர்ரி கம்பெனிக்குப் பிழைப்பு பற்றிக் கவலை. அதன் பின்னால் இருந்தது சதர்ன் பசிபிக் என்ற ராட்சச ரயில்வே கம்பெனி. சட்டம் வந்து ஐந்து வருஷம் கழித்து, 1928 டிசம்பரில்தான் அந்தத் தனி மாவட்டமே பிறந்தது. ஆறு கவுண்ட்டிகள், அதில் இரண்டில் ஒரு பகுதி மட்டும்.

பிறந்த நேரத்தைப் பாருங்கள். 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. வேலை போய்க்கொண்டிருந்த அந்தக் காலத்தில்தான், 1930 நவம்பர் 4-ம் தேதி, ஆறு கவுண்ட்டி ஜனங்களிடம் கேள்வி வைக்கப்பட்டது. பாலத்துக்கு மூன்றரைக் கோடி டாலர் கடன். வண்டிகளிடம் சுங்கம் வசூலித்து அடைப்போம். சுங்கம் போதவில்லையென்றால் உங்கள் வீடு, தோட்டம், கடை மீது வரி. சம்மதமா?

இன்றைக்கு வேலை இருக்கிறது, நாளைக்கு இருக்குமா என்று தெரியாது. அந்த நிலையில் உங்களிடம் யாராவது இப்படிக் கேட்டால்? நான் என்றால் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போயிருப்பேன்!

அவர்கள் ஓடவில்லை. ஆதரவு 1,45,057. எதிர்ப்பு 46,954. கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்றில் இரண்டு பங்குக்குத் தேவையானதைவிட, பதினேழாயிரம் ஓட்டு அதிகம்.

முடிந்ததா? மறுபடி கோர்ட். இரண்டு கம்பெனிகள் 'இந்தப் பத்திரம் செல்லாது' என்று வழக்குப் போட்டன. பின்னாலிருந்து கயிறு இழுத்தது ஃபெர்ரி முதலாளிகள் என்று வெளியே தெரிந்ததும் ஜனங்கள் கொதித்துப்போனார்கள். 'உன் ஃபெர்ரியே வேண்டாம் போ' என்ற பேச்சு கிளம்பியது. 1932-ல் தீர்ப்பு பாலத்துக்குச் சாதகமாக வந்தது. எதிர்த் தரப்பு அப்பீல் போகாமல் ஒதுங்கியது.

இப்போது இன்னொரு தலைவலி. ஓட்டு இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது, பத்திரத்தை வாங்க ஆள் இல்லை! நாடே திவாலாகிக் கிடக்கும்போது எவன் வாங்குவான்? ஸ்ட்ராஸ் போய் நின்றது ஏ.பி. ஜியானினியிடம். பாங்க் ஆஃப் அமெரிக்காவின் பிதாமகர். 1906 பூகம்பத்தில் சான் ஃபிரான்ஸிஸ்கோ தரைமட்டமானபோது, துறைமுகத்தில் இரண்டு பீப்பாய் மேல் ஒரு பலகையைப் போட்டு அதையே கவுண்ட்டராக வைத்துக் கடன் கொடுத்த மனிதர். அவருடைய பாங்க் பத்திரத்தை எடுத்துக்கொள்ள முன்வந்தது.

பத்திரம் என்பது அச்சடித்த காகிதம்தான். ஆனால் அதன் பின்னால் ஒன்றே முக்கால் லட்சம் பேரில் முக்கால்வாசிக்கு மேல்... இல்லை, இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான பேர் ஓட்டுப் போட்டு, அதில் முக்கால்வாசிப் பேர் வீட்டை ஜாமீனாக வைத்திருந்தார்கள். பாங்க்காரருக்கு இதைவிட நல்ல ஷ்யூரிட்டி எங்கே கிடைக்கும்?

1933 ஜனவரி 5-ல் வேலை ஆரம்பம். தொழிலாளிகள் விழுந்தால் தாங்குவதற்குப் பாலத்தின் அடியில் வலை கட்டினார்கள். 1,30,000 டாலர் செலவு. பத்தொன்பது பேரைக் காப்பாற்றியது. தப்பித்தவர்கள் 'நரகத்துக்குப் பாதி வழி கிளப்' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். 1937 பிப்ரவரியில் ஒரு சாரமே அறுந்து, வலையையும் கிழித்துக்கொண்டு விழுந்ததில் பத்துப் பேர் போனார்கள். கட்டி முடிப்பதற்குள் இறந்தவர்கள் மொத்தம் பதினொரு பேர்.

ஆபீஸ்காரர்களுக்காக ஒரு கொசுறு: கட்டுமானக் கணக்குகளில் பெரும் பகுதியைப் போட்டவர் சார்லஸ் எல்லிஸ் என்ற இன்ஜினீயர். 'ரொம்ப நேரம் எடுத்துக்கிறே' என்று 1931 கடைசியில் ஸ்ட்ராஸ் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பாலம் திறந்தபோது எல்லிஸ் பெயர் எங்கேயும் இல்லை. 2012-ல்தான் பெயர்ப் பலகை வைத்தார்கள். இன்க்ரிமென்ட் தள்ளிப்போகிறவர்கள் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம்.

1937 மே 27-ல் பாலம் திறந்தது. முதல் நாள் நடந்து போகிறவர்களுக்கு மட்டும்; சுமார் இரண்டு லட்சம் பேர் நடந்தார்கள். தூண்களுக்கு நடுவே 4,200 அடி. 1964 வரை உலகில் அதைவிட நீளமான தொங்கு பாலம் இல்லை. அதைவிட அதிசயம், சொன்ன தொகையைவிட 13 லட்சம் டாலர் குறைவாகவே முடித்ததாகக் கணக்கு. அரசாங்க வேலையில் 'மிச்சம்' என்ற வார்த்தையை நான் முதன்முதலாகப் படித்தது இங்கேதான்!

சுங்கம் கார் ஒன்றுக்கு 50 சென்ட். நாலணா எட்டணாவாகச் சேர்த்தே முழுக் கடனையும் அடைத்தார்கள். அசல் மூன்றரைக் கோடி. வட்டி கிட்டத்தட்ட 3.9 கோடி. (ஹவுஸிங் லோன் கட்டுகிறவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.) கடைசிப் பத்திரம் 1971-ல் தீர்ந்தது. வீட்டையும் தோட்டத்தையும் ஜாமீன் வைத்தவர்களிடம் கை வைக்காமல், அசலும் வட்டியும் சுங்கப் பணத்திலேயே முடிந்தன.

கடன் தீர்ந்ததே, சுங்கமும் நின்றுவிட்டதா என்று கேட்கிறீர்களா? நல்ல கதை! பெயின்ட் அடிக்க வேண்டாமா, துரு எடுக்க வேண்டாமா, பஸ்ஸும் ஃபெர்ரியும் ஓட்ட வேண்டாமா? ஆமாம், அதே ஃபெர்ரிதான். 1970-லிருந்து பாலத்தின் நிர்வாகமே அதை ஓட்டுகிறது. 50 சென்ட் எத்தனையோ மடங்காகிவிட்டது. 1968-லிருந்து ஒரு சலுகை மட்டும் உண்டு. சான் ஃபிரான்ஸிஸ்கோவுக்குள் வருகிறவர்களிடம்தான் வசூல். ஊரைவிட்டுப் போகிறவர்களுக்கு இலவசம்.